ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா: நான் ஓட்டும் பாதைக்கு எந்த மவுண்டன் பைக் பொருந்தும்?

காட்டுத்தடம்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு சாதாரண ஹைப்ரிட் சைக்கிளைக் காட்டுப்பாதையில் ஓட்டி, அதன் ஆயுளில் பாதியைக் கரைத்துவிட்டேன். அதன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டை, 63 மி.மீ. அமுங்கும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் அது அமுங்குவதைவிட முனகுவதுதான் அதிகம். இனி முறையான மவுண்டன் பைக் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்து மூன்று மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

நான் ஓட்டும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 20 முதல் 25 கி.மீ. வரை ஓட்டுவேன். முதலில் சரளைக்கல் போட்ட வனச்சாலையில் நீண்ட ஏற்றம். பிறகு மரவேர்கள் குறுக்கிடும் ஒற்றையடித் தடத்தில் இறக்கம். இறக்கத்தின் நடுவே ஏறக்குறைய 300 மீட்டர் நீளத்துக்குப் பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பகுதி. மாதத்துக்கு ஒருமுறை நண்பர்களுடன் இதைவிடச் செங்குத்தான இடங்களுக்கும் போவதுண்டு. என் உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ.

கையில் மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. முதலாவது 100 மி.மீ. ஃபோர்க் கொண்ட ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது. இரண்டாவது ஃபுல் சஸ்பென்ஷன், முன்னும் பின்னும் 130 மி.மீ. கொண்ட டிரெயில் பைக். மூன்றாவது செங்குத்தான இறக்கங்களுக்கான 160 மி.மீ. என்டியூரோ, அதுவும் ஃபுல் சஸ்பென்ஷன். வாங்குவதே வாங்குகிறாய், பெரியதாக வாங்கிவிடு என்று நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

செயின் எண்ணெய்

உங்கள் நண்பர்கள் மாதத்தில் ஒரு நாள்தான் உங்களோடு வருகிறார்கள். மற்ற ஏழெட்டு நாள்கள் ஏற்றத்தில் அந்த பைக்கைத் தனியாக மிதிக்கப் போகிறவர் நீங்கள். ஆகவே முடிவெடுப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்த நான்கு ஓட்டங்களில், ஏற்றத்தில் எத்தனை நிமிடம் போகிறது, இறக்கத்தில் எத்தனை நிமிடம் போகிறது, அந்த இறக்கத்திலும் சைக்கிள் உண்மையிலேயே போதாமல் போன நேரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் குறிக்க வேண்டாம், நேரம் போதும். ஏற்றமும் இறக்கமும் ஒரே தூரமாக இருந்தாலும், ஏற்றம் மூன்று நான்கு மடங்கு நேரத்தைத் தின்றுவிடும்.

வகைகளின் பெயர்கள் விற்பனைக்காகச் சூட்டப்பட்டவை என்றாலும், அவற்றின் பின்னால் இருக்கும் எண்களுக்குப் பொருள் உண்டு. கிராஸ் கன்ட்ரி பைக்குகளில் 100 முதல் 120 மி.மீ. வரையும், டிரெயில் வகையில் 120 முதல் 150 வரையும், என்டியூரோவில் 150 முதல் 180 வரையும், டவுன்ஹில் வகையில் 200 மி.மீ. அளவிலும் சஸ்பென்ஷன் இருக்கும். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கின்றன; 140 மி.மீ. பைக் ஒன்றை இரு நிறுவனங்கள் இரு பெயரில் விற்பதைப் பார்க்கலாம். ஆனால் எடையும் டயரும் பிரேக்கும் இருக்கைக்கோணமும் அந்த எண்ணோடு சேர்ந்தே மாறுகின்றன என்பதை மறந்துவிட்டு, மி.மீ. மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் ஓராண்டு கழித்து விற்பனை விளம்பரம் போடுகிறார்கள்.

பாறைவிரும்பி

நண்பரே, நான் உங்கள் நண்பர்களின் பக்கம். காரணத்தைச் சொல்கிறேன். என் முதல் பைக் 100 மி.மீ. ஹார்ட்டெயில். எட்டு மாதத்தில் அதன் எல்லையைத் தொட்டுவிட்டேன். எல்லையைத் தொட்டேன் என்று அழகாகச் சொல்கிறேனே தவிர, நடந்தது என்னவென்றால், ஒரு பாறைப் படிக்கட்டில் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது 160 மி.மீ. பைக்கைத் தேர்ந்தெடுத்தேன்; ஐந்து ஆண்டுகளாக அதையே ஓட்டுகிறேன்.

பெரிய பைக் தவறுகளை மன்னிக்கும். தடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும், முன் சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கினாலும் வெளியே வந்துவிடலாம். புதியவர்களுக்குத்தான் அந்த மன்னிப்பு அதிகம் தேவை. ஏற்றத்தில் மெதுவாகப் போகும் என்கிறார்கள். அந்த மெதுவில் பெரும்பகுதிக்குக் காரணம் சஸ்பென்ஷன் அன்று, டயர்தான். என்டியூரோ டயர் ஒன்று 1,000 முதல் 1,200 கிராம் வரை இருக்கும், ரப்பரும் மென்மையாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 850 கிராம் அளவிலான டிரெயில் டயரைப் போட்டுப் பாருங்கள், அதே பைக் ஏற்றத்தில் வேறு பைக் ஆகிவிடும்.

பழைய இரும்பு

சஸ்பென்ஷன் என்ற சொல்லே இல்லாத காலத்தில் இந்தப் பழக்கத்துக்குள் வந்தவன் நான். ஆகவே என் பேச்சில் கொஞ்சம் பழைமை வாடை வீசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டு தொடங்கியதே தவறான சைக்கிளில்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் இளைஞர்கள் சிலர், செய்தித்தாள் போடும் பையன்கள் ஓட்டும் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைச்சாலையில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருந்தது. ஒரே இறக்கத்தில் அதன் சூட்டில் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுமுறை ஓட்ட வேண்டுமானால் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கும், 1976இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கும் ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது. அந்த இளைஞர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே ஃப்ரேம் ஒன்றைக் கட்டினார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க் 1989இல்தான் வந்தது, அதுவும் 5 செ.மீ. கூட முழுதாக அமுங்காது.

இதையெல்லாம் சொல்வது பழம்பெருமைக்காக இல்லை. பின் சக்கரம் கல்லில் மோதும்போது அந்த அடி நேராக உங்கள் கால்களுக்கு வந்து சேர வேண்டும். அப்போதுதான் முழங்காலை மடக்கவும், எடையை முன்னும் பின்னும் நகர்த்தவும், கல்லுக்கு முன்பே சக்கரத்தை இலேசாக்கவும் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். ஹார்ட்டெயிலில் இரண்டு ஆண்டு ஓட்டியவர் எந்த பைக்கில் ஏறினாலும் தெரிந்துவிடும். பாறைவிரும்பி சொல்லும் மன்னிப்பு உண்மைதான். ஆனால் மன்னிக்கப்பட்ட தவறு மறுநாள் இன்னும் அதிக வேகத்தில் திரும்பி வரும்.

பாறைவிரும்பி

ஐயா, முறிந்த மணிக்கட்டும் எனக்குப் பாடம்தான் கற்பித்தது. அந்தப் பள்ளிக்கூடத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் பாருங்கள். ஹார்ட்டெயில்தான் வேகமானது, தூய்மையானது என்ற பேச்சு பந்தயத்திலேயே உடைந்துவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் நினோ ஷுர்டர் 27.5 அங்குலச் சக்கர ஹார்ட்டெயிலிலும், யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குல ஃபுல் சஸ்பென்ஷனிலும் கடைசி வளைவுவரை ஒட்டியே வந்தார்கள். ஒரு விநாடி இடைவெளியில் தங்கம் குல்ஹாவிக்குப் போயிற்று. எடையைக் கிராம் கணக்கில் பார்க்கும் அந்த வீரர்களே இன்று 120 மி.மீ. ஃபுல் சஸ்பென்ஷனுக்கு வந்துவிட்டார்கள்.

காட்டுத்தடம்

செயின் எண்ணெய் அவர்கள் சொன்னபடி நான்கு ஓட்டங்களுக்குக் கணக்கெடுத்தேன். சராசரியாக ஏற்றம் 58 நிமிடம், சமதளமும் சிறு மேடுபள்ளமும் 21 நிமிடம், இறக்கம் 14 நிமிடம். அந்தப் பாறைப் பகுதியைக் கடப்பதற்கு ஆகும் நேரம் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. உண்மையைச் சொன்னால் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. மூன்று மாதமாக நான் படித்ததெல்லாம் அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றித்தான்.

ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் பயமும் இருக்கிறது. கீழிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் கல் ஒன்று, மாட்டுத்திமில் போல, பாதையின் குறுக்கே கிடக்கிறது. முன் சக்கரம் அதன்மேல் ஏறிவிடுகிறது. பின் சக்கரம் அதைத் தொட்டதும் இருக்கை என்னைப் பின்னாலிருந்து உதைத்து, வலது கால் பெடலை விட்டுக் கழன்றுவிடுகிறது. நான்கு முறையும் அதே கல், அதே கால். டயரில் 45 பிஎஸ்ஐ காற்று வைத்திருக்கிறேன். பஞ்சர் ஆகாமல் இருக்கக் கடையில் சொன்ன அளவு அது.

குறைகாற்று

45 பிஎஸ்ஐ! 64 கிலோ எடைக்கு அந்த டயர் பந்து போலத்தான் துள்ளும். பைக்கைப் பற்றிய பேச்சைச் சற்று நிறுத்திவைத்து, முதலில் காற்றைக் குறையுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அளவு ஆகாது. சிறிய டிஜிட்டல் அளவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், 2 பிஎஸ்ஐ வித்தியாசம்கூடப் பாறையில் தெரியும்.

டயரும் ஒரு சஸ்பென்ஷன்தான். எந்த ஃபோர்க்கையும்விட முன்னதாக வேலை செய்வது அதுவே. காற்று மிகுதியாக இருந்தால் டயர் கல்லைச் சுற்றி வளைந்து பிடிக்காமல் அதன்மேல் ஏறிக் குதிக்கிறது. நீங்கள் வைத்திருப்பது ட்யூப் உள்ள டயர் என்பதால் மிகவும் குறைக்க முடியாது. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை விழுந்துவிடும். 30 பிஎஸ்ஐயில் தொடங்கி, டயரின் அகலம் இடம் கொடுத்தால் 28 வரை இறங்கிப் பாருங்கள். பிறகு வாங்கப்போகும் பைக்கில் 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயர் இருந்தால், உங்கள் எடைக்கு முன்னால் 19 அல்லது 20, பின்னால் 22 அல்லது 23 என்ற அளவு தொடக்கத்துக்குச் சரியாக இருக்கும். பின் சக்கரத்தில்தான் எடை அதிகம் விழுகிறது, அதனால்தான் அங்கே சற்றுக் கூடுதல்.

ட்யூப்லெஸ் டயருக்குள் துளையை அடைப்பதற்காக ஊற்றும் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். வாங்கிய நாளோடு அதை மறந்துவிடுகிறவர்கள் அது பயன்படவில்லை என்று பிறகு குறை சொல்கிறார்கள்.

அளவுநாடா

சஸ்பென்ஷன் எத்தனை மி.மீ. என்பதிலேயே விவாதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பைக் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை யாரும் இதுவரை தொடவில்லை. என்னைக் கேட்டால், 130க்கும் 160க்கும் உள்ள வேறுபாட்டைவிட, சரியான அளவுக்கும் தவறான அளவுக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

முதலில் பார்க்க வேண்டியது ரீச். பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் மையத்திலிருந்து மேல்நோக்கி ஒரு செங்குத்துக் கோடு இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து, ஃபோர்க்கின் தண்டு நுழையும் குழாயான ஹெட் ட்யூபின் மேல்வாய்வரை உள்ள கிடைமட்டத் தொலைவே ரீச். எழுந்து நின்று ஓட்டும்போது உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போது உள்ள இடத்தை அது சொல்லாது. அதற்கு டாப் ட்யூபின் கிடைமட்ட நீளத்தைப் பார்க்க வேண்டும். 168 செ.மீ. உயரம் பெரும்பாலான நிறுவனங்களில் ஸ்மாலுக்கும் மீடியத்துக்கும் நடுவில் விழும். 420 முதல் 445 மி.மீ. வரை ரீச் உள்ளவற்றை ஓட்டிப் பாருங்கள். எழுத்தை நம்ப வேண்டாம், ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய ஸ்மாலாக இருக்கும்.

அடுத்தது இருக்கைக்கோணம், அதாவது இருக்கைக் குழாய் தரையோடு அமைக்கும் கோணம். 58 நிமிடம் ஏற்றம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பழைய வடிவமைப்புகளில் இது 72, 73 டிகிரி இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் உடம்பு பின்னால் தொங்கி, முன் சக்கரம் அலைந்து, கீழ்முதுகு வலிக்கும். இப்போதைய டிரெயில் பைக்குகளில் 76, 77 டிகிரி சாதாரணம். இடுப்பு கிராங்குக்கு மேலாக வந்துவிடுவதால் முன் சக்கரம் தரையில் நிற்கிறது.

ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட் ட்யூப் தரையோடு அமைக்கும் கோணம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அது சாய்ந்திருந்தால், அதாவது எண் குறைவாக இருந்தால், முன் சக்கரம் உங்களுக்கு வெகு முன்னால் இருக்கும்; செங்குத்தில் தைரியம் வரும், மெதுவான திருப்பங்களில் ஹேண்டில்பார் ஒரு பக்கமாக விழப் பார்க்கும். கிராஸ் கன்ட்ரியில் 67, 68. டிரெயிலில் 65, 66. என்டியூரோவில் 63, 64 என்ற அளவில் இருக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே உங்கள் எடைக்குச் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமிழும். ஃபுல் சஸ்பென்ஷனில் முன்னும் பின்னும் சேர்ந்து அமிழ்வதால் கோணங்கள் பெரிதாக மாறுவதில்லை. ஹார்ட்டெயிலிலோ முன்பக்கம் மட்டுமே அமிழ்கிறது. 130 மி.மீ. ஃபோர்க் ஐந்தில் ஒரு பங்கு அமிழ்ந்தால் 26 மி.மீ.; ஏறக்குறைய 1 டிகிரிக்குச் சற்று மேலாக ஹெட் ஆங்கிள் நிமிர்ந்துவிடும். ஆகவே அட்டவணையில் இரண்டுக்கும் 66 டிகிரி என்று போட்டிருந்தாலும், ஓட்டும்போது ஹார்ட்டெயில் 67 போலவும் மற்றது 66 போலவும் நடந்துகொள்ளும். உங்கள் பட்டியலில் உள்ள 100 மி.மீ. ஹார்ட்டெயிலின் கோணம் என்ன? 69 என்று இருந்தால் அந்த மாட்டுத்திமில் கல்லுக்கு அது உதவாது. 120 அல்லது 130 மி.மீ. ஃபோர்க்கும் 65 டிகிரி அளவிலான கோணமும் கொண்ட டிரெயில் ஹார்ட்டெயில் என்று ஒரு இனமே இருக்கிறது. உங்கள் மூன்று வாய்ப்புகளில் அது விடுபட்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சக்கர அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 29 அங்குலம் கல்லின்மேல் எளிதாக உருளும், உங்கள் உயரத்துக்குப் பொருந்தும். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து போடுவது செங்குத்தான இறக்கத்தில் பின் டயர் உடம்பில் உரசாமல் இருப்பதற்கும் திருப்பத்துக்கும் உதவும். உங்கள் பாதைக்கு அது கட்டாயம் இல்லை.

பாறைவிரும்பி

அளவுநாடா சொன்னதில் ஒன்றைத் தவிர மற்றவற்றை ஏற்கிறேன். நல்ல என்டியூரோ பைக்கிலும் இருக்கைக்கோணம் 77, 78 டிகிரி இருக்கிறது. ஆகவே ஏற்றத்தில் உடம்பு தொங்கும் என்ற பயம் வேண்டாம்.

அளவுநாடா

உடம்பு தொங்காது, ஒத்துக்கொள்கிறேன். என் மறுப்பு வேறு இடத்தில். நீண்ட சக்கர இடைவெளியும் சாய்ந்த முன்பக்கமும் வேகம் இருந்தால்தான் உயிர் பெறும். சரிவு குறைந்த, வேர்கள் நிறைந்த, அடிக்கடி திரும்பும் தடத்தில் அந்த பைக் தூங்கிக்கொண்டே வரும். நீங்கள் போகும் மலை அதை எழுப்புகிறது. அவருடைய 14 நிமிட இறக்கம் எழுப்புமா என்பதுதான் கேள்வி.

செயின் எண்ணெய்

கணக்கெடுத்துக் காட்டியதற்கு நன்றி. பராமரிப்பைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும், அது வழக்கம்போல என் தலையில் விழுகிறது.

ஃபுல் சஸ்பென்ஷன் பைக்கில் பின்பக்கக் கை மடங்கும் ஒவ்வொரு மூட்டிலும் பேரிங் இருக்கிறது. மொத்தம் எட்டு, பத்து என்று வரும். சேற்றிலும் மழையிலும் ஓட்டிவிட்டு அழுத்தமான நீர்ப்பீச்சியால் கழுவினால் அவை ஒரே பருவத்தில் கரகரக்கத் தொடங்கும். பின்பக்க அதிர்வுதாங்கியான ஷாக்கின் காற்றறைக்கும் ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்கும் பல நிறுவனங்கள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெயும் சீலும் பார்க்கச் சொல்கின்றன. நீங்கள் வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால், நான்கு மாதத்துக்கு ஒருமுறை அது வந்து நிற்கும். ஹார்ட்டெயிலில் ஃபோர்க் மட்டும்தான். கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் இது சுமையாகவே இருக்காது; பிடிக்காது என்றால் இதை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

ஹார்ட்டெயில் பக்கம் சாய்ந்தீர்கள் என்றால் சில இடங்களைக் கூர்ந்து பாருங்கள். முன் சக்கரம் 15 மி.மீ. த்ரூ ஆக்சிலில் (ஃபோர்க்கை ஊடுருவும் தடித்த அச்சில்) நிற்கிறதா, பின்பக்கம் 148 மி.மீ. அகல ஹப் ஏற்கிறதா, ஹெட் ட்யூப் கீழே அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் நாளைக்கு நல்ல ஃபோர்க்கும் சக்கரமும் வாங்கி மாட்டலாம். இல்லாவிட்டால் அந்த ஃப்ரேம் அன்றைக்கு உள்ளபடியே முதுமையடையும். ஃபோர்க் காற்றில் இயங்குவதாக இருக்கட்டும். 64 கிலோ எடைக்கு இரும்புச் சுருள் ஃபோர்க்குகள் பெரும்பாலும் கடினமாகவே இருக்கும், அவற்றை உங்கள் எடைக்கு ஏற்ப இளக்குவது எளிதல்ல.

டிராப்பர் போஸ்ட் இல்லாத பைக்கை வாங்காதீர்கள், அல்லது வாங்கிய அன்றே மாட்டிவிடுங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கை 150 மி.மீ. கீழே போய்விடும். உங்களைப் பின்னாலிருந்து உதைப்பது கல் இல்லை, உயரமாக நிற்கும் அந்த இருக்கை.

பழைய பைக் வாங்குவதானால் ஒன்று செய்யுங்கள். இருக்கையைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். சக்கரம் கிளம்புவதற்கு முன் கையில் டக் என்று ஒரு சிறு தளர்ச்சி தெரிந்தால், மூட்டுப் பேரிங் அல்லது ஷாக் புஷ் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் பளபளப்பான கால்களில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டும் கீறல் இருந்தால் சீல் நிற்காது. இதைச் செய்யாமல் ஒருமுறை நான் வாங்கி வந்த பைக்கில் விற்றவர் பேரிங்குகளுக்குப் பதிலாகக் கெட்டிக் கிரீஸ் அப்பி சத்தத்தை அடக்கியிருந்தார். இரண்டாவது மழையில் உண்மை கேட்டது.

குறைகாற்று

பிரேக்கையும் பாருங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் கட்டாயம். உங்கள் எடைக்கு இரட்டை பிஸ்டனும் 180 மி.மீ. முன் ரோட்டாரும் (பிரேக் வட்டும்) டிரெயிலுக்குப் போதும். மாதாந்தரச் செங்குத்து இறக்கங்கள் நீண்டவை என்றால் நான்கு பிஸ்டன் நல்லது. விரல் சோர்வு குறையும்.

காட்டுத்தடம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இதற்கிடையே மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, காற்றை 29 பிஎஸ்ஐ ஆக்கினேன். பழைய ஹைப்ரிட்டே வேர்களின்மேல் ஒட்டிக்கொண்டு போனது. இரண்டு ஆண்டுகளாக நான் தேவையில்லாமல் குலுங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

இரண்டாவது, நண்பர் ஒருவருடைய 160 மி.மீ. பைக்கை என் வழக்கமான பாதையில் ஓட்டினேன். ஷாக்கில் அவருடைய எடைக்கு இருந்த காற்றை என் எடைக்கு மாற்றி, ஷாக்கின் தண்டில் நகரும் ரப்பர் வளையத்தைப் பார்த்து 28 சதவீத அமிழ்வு வரும்படி வைத்துக்கொண்டோம். ஏற்றத்தில் 58 நிமிடம் 66 ஆயிற்று. பாறைப் பகுதி எனக்குத் தெரியாமலேயே கடந்துபோயிற்று. கீழே வந்து நின்ற பிறகுதான் மூன்றாவது கல்லைத் தாண்டிவிட்டேன் என்பதே நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் எதையோ தவறவிட்ட உணர்வும் இருந்தது. வேர்த்தடம் முழுவதும், வழக்கமாக நான் ஒவ்வொரு வேருக்கும் ஏதாவது செய்துகொண்டிருப்பேன். அன்று செய்வதற்கு ஒன்றும் இல்லை. பழைய இரும்பு ஐயா சொன்னது அப்போதுதான் விளங்கியது.

மூன்றாவது, அளவுநாடா சொன்ன இனத்தில் ஒன்று கிடைத்தது. 130 மி.மீ. ஃபோர்க், 65 டிகிரி, 430 மி.மீ. ரீச், 76 டிகிரி இருக்கைக்கோணம், டிராப்பர் போஸ்டுடன் கூடிய அலுமினிய ஹார்ட்டெயில். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க விட்டார்கள். மீடியத்தில் ஏறினேன், எழுந்து நின்றால் கைகள் நீட்டிக்கொண்டன. ஸ்மாலில் ஏறியதும் முழங்கைகள் தாமாக மடங்கின. 130 மி.மீ. ஃபுல் சஸ்பென்ஷனையும் அடுத்த நாளே ஓட்டினேன். நேர்மையாகச் சொன்னால் அதுவே மூன்றிலும் வசதியானது, ஏற்றத்தில் மூன்று நிமிடம்தான் கூடுதல். என் முதுகு இன்னும் பத்து வயது மூத்ததாக இருந்தால் அதையே எடுத்திருப்பேன்.

ஹார்ட்டெயிலை எடுத்துவிட்டேன். மாதாந்தர மலைக்கு நண்பரின் பெரிய பைக்கை இரவல் கேட்டிருக்கிறேன். பேரிங் செலவில் பாதி என்னுடையது என்று பேச்சு.

பழைய இரும்பு

வாழ்த்துகள். முதல் மாதம் சாதாரணப் பெடலிலேயே ஓட்டுங்கள். காலணியைப் பூட்டும் பெடலுக்கு அவசரப்பட வேண்டாம்.

பாறைவிரும்பி

விவாதத்தில் தோற்றேன் என்று எழுத மாட்டேன், இரவல் பைக் 160 மி.மீ. என்பதால். அந்த மூன்றாவது கல் என்ன ஆயிற்று?

காட்டுத்தடம்

நேற்று முதல் ஓட்டம். இருக்கையை இறக்கிவிட்டுப் போனேன். உதை இல்லை, ஆனால் வலது கால் இன்னும் கழல்கிறது.

பாறைவிரும்பி

கல்லின்மேல் ஏறும்போதும் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிடித்திருந்தால் பின் சக்கரம் உருண்டு ஏறாமல் இடித்து நிற்கும், கால் முன்னே எகிறும். கல்லுக்கு இரண்டு மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை முழுவதும் விட்டுவிடுங்கள். குதிகாலைக் கீழே அழுத்திப் பெடலில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் எழுதுங்கள்.